பட்டி பார்த்த சுவர்: சேலத்தில் ஒரு கணக்கு, ஏற்காட்டில் ஒரு கணக்கு

பெயிண்டுக்கு முன்னால் சுவரை மழமழப்பாக்கப் பூசுகிற மாவுக்குப் பெயர் பட்டி. பட்டி பார்த்து முடித்ததும் சுவர் வெள்ளை வெளேரென்று நிற்கும். பார்க்கிறவர்களுக்கெல்லாம் வேலை பாதி முடிந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும். ‘நாளைக்கே கலர் அடிச்சிரலாமே’ என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள். இரண்டு வீடுகளில் கூடவே நின்று வேலை பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. பெயிண்ட் உரிவதற்கும் திட்டு திட்டாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டி முடிந்த நாளுக்கும் பெயிண்டுக்கு அடியில் முதலில் அடிக்கிற பிரைமர் காய்ந்த நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் புதிதாக அறைகள் எடுத்தோம். அதை ஒட்டியே ஏற்காட்டில், நாகலூர் போகும் பக்கம் இருக்கிற மாமனார் வீட்டையும் புதுப்பித்தோம். அது பல வருஷமாக வெள்ளையடித்தே வந்த பழைய வீடு. இரண்டு இடத்துக்கும் ஒரே மேஸ்திரி, ஒரே ஆட்கள், ஒரே கம்பெனி ஒயிட் சிமெண்ட் பட்டி. அப்படியிருந்தும் கீழே எடுத்துக்கொண்ட நாள் கணக்கு மேலே ஒத்துவரவில்லை. மேலே கவனிக்க வேண்டியவை வேறு, கீழே கவனிக்க வேண்டியவை வேறு.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 30 கிலோமீட்டர் சாலையும் 20 கொண்டை ஊசி வளைவுகளும்தான். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் சூடு குறையும். கீழே 36 டிகிரி அடிக்கிற மத்தியானம் மேலே 28 டிகிரிதான் இருக்கும். சாயங்காலம் மூடுபனி இறங்கினால் காற்றில் ஈரம் நிறைந்துவிடும். அதற்குமேல் சுவர் தன் ஈரத்தை எங்கே கொண்டுபோய் விடும்?

அந்த ஈரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஒயிட் சிமெண்ட் பட்டிக்கு எடையில் நூற்றுக்கு 36 முதல் 40 பங்கு தண்ணீர் சேர்க்கச் சொல்வார்கள். 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு 14 முதல் 16 லிட்டர் வருகிறது. ஒரு மூட்டை காலியானால் முக்கால் குடத்துக்கு மேல் தண்ணீரைச் சுவரில் பூசியிருக்கிறோம். அதில் ஒரு பகுதி சிமெண்டோடு சேர்ந்து இறுகிவிடும். மீதி முழுவதும் காற்று வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதற்கு முன்னால் பெயிண்ட் அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே சிக்கும். பிறகு கொப்புளமாக வரும், இல்லையென்றால் உப்பு பூத்து வரும்.

அடிச்சுவர் சரியாக இருந்தால்தான் இனிமேல் சொல்லப்போகிற எதற்கும் பொருள் உண்டு. புதுப் பூச்சு என்றால் குறைந்தது 7 நாள் தண்ணீர் அடித்து, அப்புறம் நன்றாகக் காயவிட வேண்டும். நான்கு வாரம் ஆனபிறகு பட்டி வைப்பதுதான் நல்லது. அஸ்தம்பட்டி மாடிக்கு அந்த நான்கு வாரம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. பழைய வீட்டில் வேறு பிரச்சினை. வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஏறியிருந்தது. சுண்ணாம்பின் மேல் பட்டி வைத்தால், பட்டி சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு சுவரை விட்டுவிடும். ஆகவே தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, அடிப் பூச்சு தெரிகிற வரை எடுத்தார்கள். அலமாரி நின்ற இடத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தது. அதை பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம். பிளீச்சிங்கோடு ஆசிட்டோ பாத்ரூம் கழுவுகிற திரவமோ எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் புகை மூச்சைப் பிடித்துவிடும். பூஞ்சையைச் சாகடிக்காமல் மேலே பட்டியால் மூடினால், அடுத்த மழையில் அது பெயிண்டைத் தாண்டி எட்டிப்பார்க்கும்.

சேலத்தில் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு இல்லை, சூட்டுக்கு. மாடி அறையின் மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அதில் பட்டி வைத்தால் சிமெண்ட் இறுகுவதற்கு முன்பே தண்ணீரைச் சுவர் குடித்துவிடும். பார்வைக்குக் காய்ந்ததாகத் தெரியும், கையால் தடவினால் பவுடராக உதிரும். அதனால் மேற்குச் சுவரை மேஸ்திரி காலையிலேயே எடுத்துக்கொண்டார். பட்டி வைப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளித்து, ஈரம் இருக்க வேண்டும், வழியக் கூடாது என்கிற பதத்தில் ஆரம்பித்தார். கலக்குகிற அளவும் முக்கியம். கலந்த பட்டியை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வாளியில் இறுகிப்போனதற்கு மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்குவதை நான் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இறுகத் தொடங்கிய சிமெண்ட் திரும்பக் கலக்கினால் பழைய பலத்துக்கு வராது. ‘மீந்தது போனா போகட்டுங்க, சொவுரு போனா வராதுங்க’ என்று சொல்லி எங்கள் மேஸ்திரி அதைக் கொட்டிவிடச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளை படிகிற தண்ணீரைச் சுவரில் கலந்தால், சுவரிலும் அதே வெள்ளை வெளிவரும். பட்டி கலக்க மட்டும் குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுத்தோம். ஆளுக்கு இரண்டு குடம் அதிகம் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சிரமம்.

ஏற்காட்டில் கதையே தலைகீழ். இரண்டாவது கோட் பட்டி வைத்த மறுநாள் சுவர் வெள்ளையாகத்தான் தெரிந்தது. மத்தியானம் வெயில் வந்தபோது ஜன்னல் பக்கமிருந்து பார்த்தால் கீழ்ப்பகுதியிலும் மூலைகளிலும் லேசான சாம்பல் நிறத்தில் படலம் படலமாகத் தெரிந்தது. அதெல்லாம் ஈரம். புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கும். உள்ளங்கையைவிடப் புறங்கைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

கண்ணையும் கையையும் மட்டும் நம்பாமல், பாலித்தீன் வைத்துப் பார்த்தோம். ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். மறுநாள் தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகப் படிந்திருந்தால், அல்லது தாளுக்கு அடியில் சுவர் கறுத்திருந்தால், ஈரம் உள்ளேயிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றில் இருக்கிற ஈரம். ஒரே அறையில் ஒரே ஒரு தாள் ஒட்டினால் போதாது. வெயில் படும் தெற்குச் சுவர், வெயிலே காணாத வடக்குச் சுவர், தரையிலிருந்து ஓர் அடிக்குள் ஒரு இடம், குளியலறையை ஒட்டிய இடம் என்று தனித்தனியாக ஒட்ட வேண்டும். எங்களுக்குத் தெற்குச் சுவர் காய்ந்து வெகு நாள் கழித்துத்தான் வடக்குச் சுவர் காய்ந்தது. ஒரு வீட்டுக்குள்ளேயே இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, ‘பட்டி வெச்சு இத்தனை நாள் ஆச்சு, அடிக்கலாம்’ என்று நாள் கணக்கு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மலையில் ஜன்னலைத் திறந்து வைப்பதற்கும் நேரம் உண்டு. காற்று வரட்டும் என்று ராத்திரியும் திறந்து போட்டால் மூடுபனிதான் உள்ளே வரும். காலையில் பனி விலகி வெயில் ஏறியபிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஃபேன் போட்டோம். மலைச்சரிவில் மஞ்சு ஏறத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சாத்தினோம். இந்தக் காவல் வேலையை மாமனார் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். அவர் கணக்கு தப்பவே இல்லை. எதிர் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களின் உச்சி மறையத் தொடங்கினால் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

சீக்கிரம் காயட்டும் என்று அறைக்குள் கரி அடுப்பு மூட்டலாம் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். விறகும் கேஸும் எரிந்தால் அவற்றிலிருந்தே நீராவி வரும், அது மறுபடி சுவரில்தான் போய்ப் படியும். போதாததற்கு, ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் புதுப் பட்டியில் மயிரிழை விரிசல் விழும். காற்றோட்டமும் பொறுமையும்தான் வழி.

காய்ந்தபிறகும் சுவரைச் சோதிக்காமல் தேய்க்கத் தொடங்கக் கூடாது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டாமல் தூக்கி நிற்கிற இடம் பொள்ளென்று சத்தம் கொடுக்கும். அந்த இடத்தைத் தயங்காமல் உடைத்து எடுத்து, நனைத்து, புதிதாக வைக்க வேண்டும். பழைய செங்கல் சுவரும் புதிதாகப் போட்ட கான்கிரீட் தூணும் சேரும் இடம், ஒயருக்காகக் காடி வெட்டி மூடிய இடம், இந்த இரண்டும் விரிசல் விடும் இடங்கள். அங்கே ஃபைபர் வலை டேப் ஒட்டி அதன்மேல் பட்டி வைத்திருந்தால் நல்லது. அடுத்தது டேப் சோதனை. பேக்கிங் டேப்பைச் சுவரில் அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிடுங்கினால், அதில் லேசான தூசி வரலாம். பட்டியே செதிலாக வந்தால் அந்தச் சுவர் எந்தப் பெயிண்டையும் தாங்காது.

இனி தேய்ப்பு. இதில்தான் ஒரு நல்ல பெயிண்டரையும் அவசரக்காரரையும் பிரித்துப் பார்க்கலாம். தகட்டுக் கோடுகளும் மேடுகளும் இருக்கிற இடத்தில் மட்டும் 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாள். அப்புறம் முழுச் சுவருக்கும் 180, 220. ஆரம்பத்திலேயே 80 நம்பர் தாளை எடுத்து அழுத்தித் தேய்த்தால் கீறல் ஆழமாக விழும், அது இரண்டு கோட் எமல்ஷன் பெயிண்டுக்கு அப்பாலும் தெரியும். தாளைக் கையில் மடித்துத் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். ஒரு சமமான மரக்கட்டையில் சுற்றி வட்டமாக, லேசாகத் தேய்க்க வேண்டும். மலையில் ஒரு கூடுதல் கஷ்டம் இருக்கிறது. முழுதாகக் காயும்வரை காத்திருந்தால் அதற்குள் ஒயிட் சிமெண்ட் பட்டி இறுகி, தேய்க்கக் கடினமாகிவிடும். அதனால் மேஸ்திரி மறுநாளே தகட்டைப் படுக்கவைத்து மேடுகளை மட்டும் சீவிவிட்டார். நுணுக்கத் தேய்ப்பைக் காய்ந்தபிறகு வைத்துக்கொண்டார். உப்புத்தாளே ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். சுவர் காய்ந்திருந்தால் தூள் கோதுமை மாவு மாதிரி உதிரும். ஈரம் இருந்தால் தூள் தாளில் அப்பிக்கொண்டு, நாலு இழுப்பில் தாள் வழுக்கத் தொடங்கும். அப்படி வழுக்கினால் அன்றைக்குத் தேய்ப்பதை நிறுத்திவிடுவது நல்லது.

தேய்த்ததைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளவே கூடாது. பொழுது சாய்ந்தபிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பகலில் கண்ணாடியாகத் தெரிந்த சுவரில் மேடு, பள்ளம், ஊசி ஓட்டை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஹாலில் சுவரை ஒட்டி விளக்குப் போடுகிறவர்களும் பக்கவாட்டு ஜன்னல் இருக்கிறவர்களும் இதைத் தவறவிடவே வேண்டாம். குறை தெரிந்த இடத்தைப் பென்சிலால் மெல்லச் சுழித்து வைக்க வேண்டும். பேனாவும் மார்க்கரும் கூடாது, அந்த மை பிரைமரையும் பெயிண்டையும் தாண்டி ஊறி வரும். மேஸ்திரியின் ஆட்கள் கூரையிலிருந்து தரை வரை பார்க்க, நானும் என் நாத்தனாரும் டார்ச் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தோம். அந்த ஒரு சாயங்காலம் எங்களுக்கு மிச்சப்படுத்திய வேலை ரொம்ப அதிகம்.

தேய்க்கிறவர்களின் மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்தத் தூளில் சிமெண்டும் கல் மாவும் கலந்திருக்கிறது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் பெரிய துகள்தான் நிற்கும், நுரையீரலுக்குப் போகிற நுண்ணிய தூசி நிற்காது. என்95 மாஸ்க் நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். பெயிண்ட் செலவில் அது ஒரு செலவே இல்லை. கூரை தேய்க்கிறவருக்குக் கண்ணாடி அவசியம். பட்டி கலக்குகிறவருக்குக் கையுறை அவசியம், சிமெண்டின் காரம் தோலை அரித்துவிடும். கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவுக்கும் மாஸ்க் கொடுக்க மறந்துவிடுகிறார்கள், தூசியை அதிகம் சுவாசிப்பவர் அவர்தான். இன்னொன்று, சுவர் தேய்க்கும்போதே பழைய கதவு ஜன்னலையும் தேய்த்துவிடுவார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காய்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் வழித்து எடுக்கச் சொன்னோம். குழந்தைகளை அந்த நாட்களில் அந்தப் பக்கமே விடவில்லை.

தேய்த்து முடித்ததும் சுவரில் தூசி ஒரு படலமாக நிற்கும். இதை எடுக்காமல் பிரைமர் அடித்தால் பிரைமர் தூசியில் ஒட்டும், சுவரில் ஒட்டாது. மென்மையான துடைப்பத்தால் மேலிருந்து கீழாகக் கூட்டி, தூசி அடங்கிய பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்தோம். துணியை அடிக்கடி அலச வேண்டும். ஒயிட் சிமெண்ட் பட்டிக்கு இந்த லேசான ஈரம் ஒன்றும் செய்யாது. டப்பாவில் பேஸ்டாக வருகிற அக்ரிலிக் பட்டி என்றால் ஈரத்துணி அதைக் கரைத்துக் கொண்டுவந்துவிடும், அதற்கு உலர்ந்த துணி போதும். அக்ரிலிக் பட்டியை வெளிச்சுவருக்கும் ஓதம் (மண்ணிலிருந்து வருகிற ஈரம்) ஏறுகிற சுவருக்கும் வைக்கவே கூடாது. துடைத்தபிறகு கறுப்புத் துணியால் சுவரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். துணி வெளுத்தால் இன்னும் தூசி இருக்கிறது. ஸ்விட்ச் பெட்டிகளுக்குள்ளும் ஜன்னல் கட்டை மேலும் கதவு நிலையின் மேல் விளிம்பிலும் சேர்ந்திருக்கும் தூசியை மறந்தால், ஃபேன் போட்டதும் அது ஈரப் பிரைமரில் வந்து உட்காரும்.

பிரைமரே வேண்டாம், முதல் கோட்டையே தண்ணியாக அடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பட்டி வைத்த சுவர் தாகமாக இருக்கும். கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்ரென்று உறிஞ்சிக்கொள்வதைப் பார்க்கலாம். பெயிண்டில் இருக்கிற தண்ணீரை அது அப்படி இழுத்துக்கொண்டால், பெயிண்ட் ஒழுங்காகப் படலமாக மாறாமல் மேலே பவுடராக நிற்கும். அதோடு புதுச் சிமெண்டில் காரம் மிக அதிகம், பிஎச் அளவில் 12-க்கு மேல் இருக்கும். சில நிறங்களை அது வெளுக்கச் செய்துவிடும். எண்ணெய் சார்ந்த பெயிண்டையோ கெடுத்தே விடும். காரத்தைத் தாங்குகிற சிமெண்ட் பிரைமர் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது: தாகத்தை அடக்குகிறது, காரத்தைத் தடுக்கிறது. பிரைமரில் மிச்சம் பிடித்து விலை உயர்ந்த எமல்ஷன் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிரைமரில் தண்ணீர் எவ்வளவு என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். அளவு பாத்திரம் வைத்து ஊற்றச் சொல்லுங்கள். கண் அளவில் ஊற்றினால் சாயங்காலம் டப்பா தீரப்போகிற நேரத்தில் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். முதலில் கூரை, பிறகு சுவர். மூலைகளைப் பிரஷ்ஷால் வெட்டி எடுத்துக்கொண்டு அந்த ஈரம் காயும் முன்னே ரோலரை அதோடு சேர்க்க வேண்டும். சேலத்து வெயிலில் மூலை காய்ந்துவிட்ட பிறகு ரோலர் ஓட்டினால் சட்டம் போட்ட மாதிரி ஓரம் தனியாகத் தெரியும், அதனால் ஒருவர் மூலை எடுக்க, இன்னொருவர் பின்னாலேயே ரோலர் ஓட்டினார்கள்.

பிரைமர் காய்ந்ததும் மனசு கொஞ்சம் கலங்கும். அதுவரை தெரியாத கீறலும் ஊசி ஓட்டையும் அப்போதுதான் வெளியே வரும். இது நல்லதுதான். மறுபடியும் டார்ச், மறுபடியும் பென்சில். சின்னச் சின்ன இடங்களுக்கு மட்டும் பட்டி தொட்டு, காய்ந்ததும் 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைக்க வேண்டும். இதற்கு அடுத்த படியைத்தான் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுகிறார்கள்: பட்டி தொட்ட ஒவ்வொரு இடத்துக்கும் திரும்பப் பிரைமர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த இடம் மட்டும் பெயிண்டை அதிகமாக உறிஞ்சி, முழுச் சுவர் காய்ந்தபிறகு மங்கலான திட்டாகத் தெரியும். அடர்ந்த நிறத்திலும் மினுமினுப்பான எமல்ஷனிலும் இது கண்ணைக் குத்தும். மேஸ்திரி ஒரு சின்ன டப்பாவில் பிரைமரும் இரண்டு அங்குலப் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு அவரே போய் ஒவ்வொரு திட்டையும் தொட்டுவிட்டு வந்தார். அதை ஆட்களிடம் விடமாட்டார்.

முதல் கோட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவர் தயாராக இருந்தால் பெயிண்ட் சுகமாக ஓடும். ஏற்காட்டில் மட்டும் காலை பத்து மணிக்கு முன்னும் மத்தியானம் மூன்று மணிக்குப் பின்னும் பெயிண்டைத் தொடவில்லை. காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் எமல்ஷன் காய்வது இழுக்கும். குளிர்ந்த சுவரில் பனி நீர் படிந்தால் பெயிண்டிலிருந்து கோடு கோடாக ஒழுகும். இரண்டு கோட்டுக்கு நடுவில் டப்பாவில் நாலு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் மலையில் ஒரு நாள் விட்டோம்.

அபார்ட்மெண்ட் வாங்குகிறவர்கள் சிலர் ஜிப்சம் பூச்சைப் பற்றிக் கேட்டார்கள். அதற்குத் தண்ணீர் அடித்துப் பதப்படுத்துவதே கிடையாது, காய்ந்தால் போதும். பாலித்தீன் சோதனை, டார்ச், தூசி துடைப்பு, பிரைமர் எல்லாம் அதற்கும் பொருந்தும். ஓதம் வருகிற சுவரிலும் குளியலறையிலும் ஜிப்சம் கூடாது.

கூலி பேசும்போதே இதையெல்லாம் பேசிவிட வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால், காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் மேஸ்திரிக்கு நஷ்டம். அவர் அவசரப்படுவதில் தப்பு சொல்ல முடியாது. நாங்கள் சதுர அடிக் கூலியைப் பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்று முடிந்ததும் கொடுத்தோம். மலையில் பட்டி காய்கிற நாட்களில் ஆட்கள் கீழே இறங்கி அஸ்தம்பட்டி மாடி வேலையைப் பார்த்தார்கள். ஏறி இறங்குகிற வண்டிச் செலவு எங்களுடையது. ‘மேல காயற வரைக்கும் கீழ வேலை இருக்குதுல்லீங்க்கா, எங்களுக்கு என்ன அவசரம்’ என்று மேஸ்திரியே சொன்னார். உங்களுக்கு இரண்டு வீடு இல்லாவிட்டாலும், ‘காய்கிற நாட்களில் வேறு வேலைக்குப் போய்விட்டு வாருங்கள், உங்கள் முறை தப்பாது’ என்று முன்பே சொல்லிவிடலாம். நாளைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு இருந்தால் ஏற்காட்டில் ஜனவரி கடைசியில் பட்டி தொடங்கி, கோடை மழை பிடிக்கும் முன்னே பெயிண்டை முடிப்பது நல்லது. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையில் மூட்டை ஏற்றிவருவதும் பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் உள்வேலையானாலும் தொடவே வேண்டாம்.

மாமனார் வீட்டில் ஒரு சுவரை மட்டும் பட்டி வைக்காமலே விட்டோம். சமையலறைக்குப் பின்னால், மண் சரிவை ஒட்டி நிற்கிற சுவர் அது. பாலித்தீன் தாளை எத்தனை தடவை மாற்றி ஒட்டினாலும் உள்ளே நீர் படிந்துகொண்டே இருந்தது. மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம் அது, காயவைத்துத் தீர்க்க முடியாது. முதலில் வெளியே மண்ணை விலக்கி, மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடக் கால்வாய் வெட்ட வேண்டும். அதுவரை பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டு அடைத்தால், ஓதம் பக்கத்துச் சுவருக்கும் மேலேயும் வழி தேடிப் போகும். அதனால் அந்தச் சுவருக்கு மட்டும் மாமியார் வழக்கப்படி சுண்ணாம்பே அடித்திருக்கிறோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். கால்வாய் வேலை இந்தப் பனிக்காலம் முடிந்ததும் தொடங்குகிறது. அடுத்த மழையையும் பார்த்துவிட்டு, தாள் காய்ந்திருந்தால்தான் அந்தச் சுவரில் பட்டித் தகட்டை வைப்பதாக மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறோம்.